மாமா கெட்டவராகப் பழகிய ஆறு வாரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள்:

அக்கா. ஆறு மாதக் கர்ப்பம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. புதிதாக யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கை நரம்பைத்தான் பார்ப்பாள்.

மாமா, அக்காவின் கணவர். லிப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் போனில் பேசி அமைதிப்படுத்துவதில் அவர் கம்பெனியில் அவரை மிஞ்ச ஆளில்லை. யாருக்கும் எதற்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர்.

பில்டர் அண்ணன், மாமாவின் பெரியப்பா மகன். தண்ணீர் பில்டர் விற்கும் கம்பெனியின் கூட்டம் ஒன்றுக்காக வந்து எங்கள் பின்னறையில் பையை வைத்தார். கூட்டம் முடிவதற்குள் கம்பெனியையே மூடிவிட்டார்கள். அது ஒன்பது மாதத்துக்கு முன்னால். விற்காத பில்டர்கள் பதினான்கு பெட்டி, அவரோடு சேர்ந்து பின்னறையில் குடியிருந்தன.

நான், அக்காவின் தம்பி. இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தோடு நின்றவன். ராத்திரி முழுக்கப் பார்சல் கிடங்கில் பெட்டி பிரிக்கிறேன். பகலில் கூடத்து சோபாவில் தூங்குகிறேன். தூங்க முயற்சி செய்கிறேன் என்பதுதான் சரி. வீட்டில் எனக்குப் பெயர் ஆந்தை.

"வீடு ரொம்பச் சின்னதா போச்சு," என்றாள் அக்கா, சுவரைப் பார்த்து.

"ஆமாம்மா, நானும் கவனிச்சேன்," என்றார் பில்டர் அண்ணன், இருந்த ஒரே நல்ல நாற்காலியில் சாய்ந்தபடி. "அந்த சோபாவைத் தூக்கிப் போட்டா கொஞ்சம் காத்து வரும்."

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். போகும்போது மாமாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் தண்ணீர் குடிக்கும் சாக்கில் பின்னாலேயே போனேன்.

"இன்னும் ஆறு வாரம் டைம்," என்றாள். "அதுக்குள்ள பின்னறை காலியாகணும். பெயின்ட் அடிக்கணும், வாசனை போகணும், தொட்டில் வைக்கணும். நீங்கதான் அவர்கிட்ட சொல்லணும். நான் சொன்னா உங்க வீட்டுப் பக்கம் பத்து வருஷத்துக்கு என்னையே பேசுவாங்க."

"சொல்றேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. உள்ள போயிட்டு வந்து அவருக்குப் புதுத் தலையணை வாங்கிட்டு வந்தீங்க."

"கழுத்து வலிக்குதுன்னாரு."

"அதுக்கு முன்னாடி?"

மாமா ஒரு டம்ளரை எடுத்துக் கழுவினார். அதற்கு முன்னால் அவர் உள்ளே போனது மின்விசிறி சத்தம் போடுகிறது என்று சரிசெய்து கொடுத்ததில் முடிந்தது. ஒரே ஒரு முறை மட்டும், "அண்ணே, அறை கொஞ்சம் வேண்டியிருக்கு," என்று சொல்லியே விட்டார். அண்ணன் முகம் சுருங்கியதும், "சும்மா சொன்னேண்ணே, நீங்க படுங்க," என்று கதவைச் சாத்திவிட்டு வந்தார். நான் சோபாவில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னறை மேல் ஒரு கண் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதன் ஜன்னல் அடுத்த கட்டிடத்தின் சுவரைப் பார்த்திருக்கும். நண்பகலிலும் இருட்டு. ராத்திரி வேலை பார்க்கிறவனுக்கு அதைவிட நல்ல அறை உலகத்தில் இல்லை. பிறந்த குழந்தை முதல் வருடம் எப்படியும் அம்மா பக்கத்தில்தான் படுக்கும். அதுவரை தொட்டில் ஒரு மூலையில் இருக்கட்டும், நான் இன்னொரு மூலையில் இருக்கிறேன் என்பது என் கணக்கு. இதை யாரிடமும் சொல்லவில்லை.

"மாமா," என்றேன், "உங்களுக்குக் கெட்டவனா இருந்து பழக்கம் இல்ல. அதான் பிரச்சினை. பழகினா வந்துரும். வாங்க."

கூடத்து டிவியில் என் கேம் பெட்டியை மாட்டி வைத்திருந்தேன். நான் அப்போது விளையாடிக்கொண்டிருந்தது ஒரு பெரிய ராஜ்ஜியக் கதை. நாமே ஓர் ஆளை உருவாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். வழியில் சந்திக்கிற ஒவ்வொருவரிடமும் நல்ல பதிலும் சொல்லலாம், கெட்ட பதிலும் சொல்லலாம். திரையின் மேல் மூலையில் ஒரு தராசு. நல்லது செய்தால் வெள்ளைத் தட்டு இறங்கும், கெட்டது செய்தால் கறுப்புத் தட்டு இறங்கும். இது மாதிரி கேம்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் நல்லவனாகத்தான் விளையாடுகிறார்கள். கொல்வதற்குச் சிலந்திகளும் எலும்புக்கூடுகளும் ஆயிரக்கணக்கில் கொடுத்திருந்தும், காணாமல் போன மாட்டை யார் வீட்டுக்கோ ஓட்டிக்கொண்டு திரிகிறார்கள். எனக்கு அது புரிந்ததே இல்லை. நான் எப்போதும் கெட்டவன்தான்.

மாமாவுக்கு ஓர் ஆளை உருவாக்கினோம். பெயர் கருநாகன். நான் வைத்தது.

"முகத்துல தழும்பு போடுங்க."

"எத்தனை?"

"எவ்வளவு வேணா போடலாம்."

"ஒண்ணு போதும் மாப்ள. பாவம்." தாடைப் பக்கம் சின்னதாக ஒரு கீறல் வைத்தார். கண்ணைப் பழுப்பு நிறமாக்கினார். கருநாகன், பல் டாக்டரிடம் தன் முறைக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி இருந்தான். திறமைப் புள்ளிகளைக் கத்திக்கும் கோடாரிக்கும் போடச் சொன்னேன். "யாரையும் வெட்டுற உத்தேசம் எனக்கு இல்ல," என்று எல்லாப் புள்ளியையும் பேச்சில் போட்டார்.

முதல் ஆள் ஒரு படகுக்காரன். இரண்டு துடுப்பில் ஒன்று உடைந்துவிட்டது, வெட்டிக் கொடு என்று கேட்பான். கெட்ட பதில், அவனைக் கரையில் தள்ளிவிட்டுப் படகை எடுத்துக்கொண்டு போவது. மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பொத்தானை அழுத்தினார். படகு நகர்ந்தது. பாதி ஆற்றில் திருப்பி நிறுத்திக் கரையைப் பார்த்தார்.

"அவன் எப்படி வீட்டுக்குப் போவான்?"

"அவனுக்கு வீடே கிடையாது மாமா. அவன் அந்தக் கரையோட சரி."

"நீ சொல்ற. அவனுக்குத் தெரியுமா அது?"

மாமா, தள்ளிவிடுவதற்கு முன்னால் சேமித்து வைத்த பழைய சேவ்வை லோடு செய்து ஆட்டத்தைப் பின்னால் கொண்டுபோய், படகுக்காரனுக்குத் துடுப்பு வெட்டிக் கொடுத்தார்.

முதல் இரண்டு வாரம் இப்படியே போனது. நான் வேலை முடிந்து ஏழரைக்கு வருவேன், மாமா ஒன்பதுக்குக் கிளம்புவார், நடுவில் ஒன்றரை மணி நேரப் பயிற்சி. ஒவ்வொரு குற்றத்துக்கு முன்னாலும் சேவ் செய்வார். குற்றம் செய்வார். விளைவைப் பார்ப்பார். "ச்ச," என்று சொல்லிவிட்டு லோடு போட்டு, அதைச் செய்யாமல் விடுவார். கோட்டை வாசலில் கூண்டில் ஒருவனைத் தொங்கவிட்டிருப்பார்கள். அவனை மூன்று முறை விட்டுவிட்டுப் போனார், மூன்று முறையும் திரும்பி வந்து திறந்தார்.

"மேலயும் இல்லாம கீழயும் இல்லாம நடுவுல தொங்குறான்," என்றார். "அப்படி ஒருத்தனை விட்டுட்டுப் போனா என்னை வேலையை விட்டே தூக்கிருவாங்க."

"உங்க கம்பெனி லிப்டா மாமா அது?"

"கயிறு இருக்கு, பெட்டி இருக்கு, உள்ள ஆள் இருக்கு. வேற என்ன வேணும்?"

மூன்றாவது வாரம் பில்டர் அண்ணன் நாற்காலியை டிவி பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு நாள் பார்த்தார். இரண்டாம் நாள், "என்ன தம்பி இது, குடிசையைக் கொளுத்துற, மனசு வருதா உனக்கு?" என்று மாமாவைக் கேட்டார். அந்தக் குடிசையை மாமா அதற்குள் லோடு போட்டு அணைத்திருந்தார். மூன்றாம் நாள் அண்ணனே ஓர் ஆளை உருவாக்கிக்கொண்டார். வெள்ளைக் கவசம், வெள்ளைக் குதிரை, பெயர் தர்மவீரன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மனிதர் மகானாக விளையாடினார். கையில் இருந்த பொற்காசை எல்லாம் வழியில் பார்த்தவர்களுக்குக் கொடுத்தார். தொழுநோயாளிக்குத் தன் போர்வையைக் கொடுத்துவிட்டுப் பனிமலையில் நடுங்கிக்கொண்டே ஏறினார். பதினேழு மாடுகளைத் தேடிப் பிடித்து உரியவர்களிடம் சேர்த்தார். ஓர் ஊரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்தச் சிலை முன்னால் குதிரையை நிறுத்தியபோது அவர் கண் கலங்கியதை நானே பார்த்தேன்.

"மாப்ள, ஒரு டீ போடேன்," என்றார் அதே மூச்சில். "அனாதைப் பசங்களுக்கு ரொட்டி கொண்டு போயிட்டு இருக்கேன், கையெடுக்க முடியாது."

காலையில் சாப்பிட்ட தட்டு அவர் நாற்காலிக்குக் கீழே இருந்தது. முந்தின நாள் தட்டும் இருந்தது.

அக்கா வேலைக்குக் கிளம்பும் வழியில் நின்று திரையைப் பார்த்தாள். "யாரு அந்த நல்லவரு?" என்று கேட்டாள்.

"அண்ணன்," என்றேன்.

"அது சரி," என்று செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டாள். "டேய் ஆந்தை, ஆறு வாரத்துல பாதி போயிருச்சு. உன் பாடம் எந்த லட்சணத்துல போகுது?"

"மாமாவை நான் திருத்திருவேன்."

"கெடுத்துருவேன்னு சொல்லு. சீக்கிரம் கெடு."

அன்றைக்கே கேமின் அமைப்பை மாற்றினேன். கடினமான முறை ஒன்று உண்டு. ஒரே சேவ், அதுவும் தானாகவே ஆகும். செய்தது செய்ததுதான், திரும்பிப் போக வழியில்லை. மாமாவிடம் சொன்னபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பிறகு எடுத்தார்.

கருநாகன் அதற்குள் ஒரு கோட்டைக்குச் சொந்தக்காரனாகியிருந்தான். ஒரு மாவு மில்காரன் வந்தான். மழைக்காலம் முடியும் வரை உங்கள் கோட்டையில் என் கழுதையைக் கட்டிக்கொள்ளட்டுமா என்றான். மாமா பத்து நிமிடம் யோசித்தார். மில்காரன் அத்தனை நேரமும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் மாமா 'இடமில்லை' என்பதை அழுத்தினார். மில்காரன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கழுதையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கறுப்புத் தட்டு ஒரு முடியளவு இறங்கியது.

"அவ்வளவுதானா?" என்றார் மாமா.

"அவ்வளவுதான்."

"திட்டலையே?"

"ஏன் திட்டணும்? இடமில்லன்னா இடமில்ல."

வேலைக்குப் போகும்போது வழக்கத்தைவிட மெதுவாகப் படியிறங்கினார். அந்த வாரமே ஒரு நாள் மாலை என்னை எழுப்பி, திருட்டை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி ஒரு விஷயம் சொன்னார். லிப்ட் பார்க்கப் போன கட்டிடத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர், அப்படியே எங்கள் தண்ணீர் மோட்டாரையும் பார்த்துவிடுங்கள் என்றாராம். பதினொரு வருடமாக அப்படியே பார்த்துக்கொண்டிருந்தவர், "அது என் வேலை இல்லைங்க," என்று சொல்லிவிட்டாராம்.

"அவர் என்ன சொன்னாரு?"

"சரிங்கன்னாரு." மாமா இன்னமும் அதை நம்பவில்லை.

ஐந்தாவது வாரம்தான் முக்கியம். கருநாகனின் கோட்டையில், பக்கத்து நாட்டிலிருந்து வந்த பிரபு ஒருவன் பரிவாரத்தோடு தங்கியிருப்பான். குளிர்காலம் வருகிறது, தானியம் குறைகிறது, அவன் கிளம்புகிற வழியாக இல்லை. நல்ல பதில், அவனைத் தொடர்ந்து தங்க வைப்பது. கெட்ட பதில், இரவோடு இரவாகக் கழுத்தை அறுப்பது. நான் நான்கு முறை அறுத்திருக்கிறேன். ஆனால் மாமாவின் திரையில் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது. பேச்சில் அத்தனை புள்ளி போட்டவர்களுக்கு மட்டும் வருவது. நானே அதுவரை பார்த்ததில்லை.

மாமா அதைத் தேர்ந்தெடுத்தார். கருநாகன் பிரபுவிடம், நாளைக் காலை வாசலில் வண்டி நிற்கும் என்றான். மூட்டை கட்ட ஆள் அனுப்புகிறேன் என்றான். பிரபு கத்தினான், நெஞ்சில் அடித்துக்கொண்டான், நட்பைப் பற்றிப் பேசினான். கருநாகன் கேட்டுக்கொண்டே நின்றான். மறுநாள் பிரபு போய்விட்டான். கறுப்புத் தட்டு கழுத்தை அறுத்தால் இறங்குகிற அதே அளவு இறங்கியது.

"ஒரு சொட்டு ரத்தம் இல்ல," என்றார் மாமா. "இதுக்குமா இவ்வளவு கெட்டவன்?"

"போகச் சொன்னாலே கெட்டவன்தான் மாமா. எப்படிச் சொன்னாலும்."

மாமா கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தத் தராசையே பார்த்தார். "அப்ப எப்படியும் கெட்ட பேருதான்," என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அது அப்போது பிடித்திருந்தது.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை. நான் வேலையிலிருந்து வந்தபோது மாமா குளித்து, சட்டை மாட்டி, தலை வாரியிருந்தார். அக்கா சமையலறை வாசலில் கையில் டம்ளரோடு நின்றாள். பில்டர் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தர்மவீரனைக் கிணறு வெட்ட வைத்துக்கொண்டிருந்தார். மாமா போய் டிவியை அணைத்தார். அதுவே பெரிய விஷயம்.

"அண்ணே," என்றார். லிப்டில் மாட்டியவர்களிடம் பேசுகிற குரல். "பதட்டப்பட வேண்டாம். பதினோரு மணிக்கு எங்க கம்பெனி வேன் வரும். பெட்டியெல்லாம் ஏத்த ரெண்டு பேர் வர்றாங்க. என் கூட வேலை பாக்குறவர் வீட்டு மாடியில ஓர் அறை இருக்கு, சொல்லி வச்சிருக்கேன். கீழ ஹார்டுவேர் கடை. உங்க பில்டரை அங்க வச்சு விக்கலாம்னு கடைக்காரர் சொல்லியிருக்காரு."

அண்ணன் அணைந்த டிவியைப் பார்த்தார். "நான் என்ன தப்பு பண்ணேன் தம்பி?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"யாராவது என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லண்ணே."

"அப்புறம் எதுக்கு?"

"அறை வேணும்."

அண்ணன் முகம் சுருங்கியது. மாமாவின் காது மடல் சிவந்தது. ஆனால் இந்த முறை 'சும்மா சொன்னேண்ணே' என்று பின்வாங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ஒரு நிமிடம் தள்ளிப் போனது. அக்கா டம்ளரை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தியிருந்தாள்.

"சரி," என்றார் அண்ணன் கடைசியில். "போறேன். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. நான் ஒன்பது மாசம். இவன் ரெண்டு வருஷம்." விரல் என்னைக் காட்டியது. "நானாவது அறைக்குள்ள ஒதுங்கி இருந்தேன். இவன் நடுக்கூடத்துல பகல் பூரா மல்லாந்து கிடக்கான். அந்தப் பிள்ளை வந்து எங்கே தவழும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவைப் பார்த்தேன். மாமா சிரிக்கவில்லை. சோபாவைப் பார்த்தார். அதில் என் போர்வையைப் பார்த்தார். என் காலுறை ஒன்று டிவியின் மேல் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்.

"அதுவும் சரிதாண்ணே," என்றார்.

"மாமா," என்றேன்.

"உன் கிடங்குல பகல் வேலை பாக்குற பையன் ஒருத்தன் இருக்கான்னு சொன்னியே மாப்ள. கட்டில் ஒண்ணுதான் இருக்கு, அவன் ராத்திரி படுப்பான், பகல்ல சும்மா கிடக்கு, வந்து படுத்துக்கோன்னு உன்னைக் கூப்பிட்டான்னு."

"அது எப்பவோ சொன்னது."

"போன் போட்டுக் கேளேன்."

"இப்பவா?"

"வேன் பதினோரு மணிக்கு. ஒரே நடையா போயிரும்."

நான் அக்காவைப் பார்த்தேன். கூடப் பிறந்தவள். சின்ன வயதில் எனக்காகப் பள்ளிக்கூட வாசலில் இரண்டு பேரை அடித்தவள். அவள் தன் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ புது ஆளைப் பார்க்கிற மாதிரி. அன்றைக்கு அவள் அவருடைய முகத்தைத்தான் பார்த்தாள்.

"அக்கா, நீ ஏதாவது சொல்லேன்."

"நான் என்னடா சொல்றது? இருட்டா ஓர் அறை கிடைச்சா உனக்குப் போதாதா? அங்க ஜன்னலே இல்லன்னு நீதானே சொன்ன," என்றாள். அதற்கு மேல் அடக்க முடியாமல் சிரித்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, டம்ளரில் இருந்தது தளும்ப, உட்கார இடம் தேடிப் போய் சோபாவில் உட்கார்ந்தாள். என் போர்வையை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"நான்தான் மாமா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தேன்," என்றேன்.

"ஆமா மாப்ள," என்றார் மாமா. கிண்டல் இல்லை, உண்மையாகவே நன்றி சொன்னார். "நீ இல்லன்னா எனக்கு வந்திருக்காது."

போன் போட்டேன். கிடங்கு நண்பன் சரி என்றான், தலையணை மட்டும் கொண்டு வரச் சொன்னான். மறுக்கிற மாதிரி பேசுவான் என்று நினைத்தேன். அவனும் நல்லவன்.

வேன் பத்தே முக்காலுக்கே வந்துவிட்டது. பதினான்கு பெட்டியில் ஒன்பதை மாமாவே சுமந்தார். பில்டர் அண்ணன் படிக்கட்டில் நின்று எந்தப் பெட்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பும் முன் அக்காவிடம், "வீடு இப்ப எவ்வளவு பெருசா இருக்கு பாத்தியாம்மா," என்றார், அதையும் தானே கட்டிக் கொடுத்த மாதிரி. என்னிடம், "முன்னால நீ உக்காந்துக்கோ மாப்ள, ஜன்னல் பக்கம்," என்று விட்டுக்கொடுத்தார்.

என்னுடையது ஒரே பை. துணி, போர்வை, தலையணை. டிவிக்குப் பின்னால் கையை விட்டு கேம் பெட்டியின் வயரைப் பிடுங்கப் போனேன்.

"அது இருக்கட்டும் மாப்ள," என்றார் மாமா.

"என்னுது மாமா இது. என் முதல் சம்பளத்துல வாங்கினது."

"தெரியும். கருநாகன் பாதியில நிக்கிறான்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஜன்னல் வழியே வேனைப் பார்த்தாள். வயரை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். மாமா என் பையைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தார், பட்டை தோளில் மாட்ட வசதியாக என் பக்கம் திரும்பி இருக்கும்படி வைத்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா," என்றார். "பன்னிரண்டு மணிக்கு மேல வா. போன் பண்ணிட்டு வா."

சரி என்றேன். கீழே வேன்காரன் ஹாரன் அடித்தான். மாமா எனக்குக் கை காட்டினார், கதவைச் சாத்தினார், உள்ளிருந்து பூட்டினார்.